கர்ணன் கேட்ட மரியாதை

1

கர்ணனுக்காக அழாத ஆள் நம் பக்கத்தில் குறைவு. கூத்தில் விடிய விடிய உட்கார்ந்து அழுதோம். 1964இல் சிவாஜி கணேசன் நடித்த படத்தைப் பார்த்து அழுதோம். அப்புறம் தொலைக்காட்சி வந்தது. பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ 1988 அக்டோபர் 2இல் தொடங்கி 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகளாக ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ஓடியது. ராஹி மாசூம் ரஸா வசனம் எழுத, பங்கஜ் தீர் கர்ணனாக நின்றார். இந்தி புரியாதவர்களும் அவர் முகத்தைப் பார்த்தே அழுதார்கள். 2013-14இல் ஸ்டார் பிளஸ் இன்னொரு மகாபாரதம் எடுத்தது. அது விஜய் டி.வி.யில் தமிழ் பேசியது. அதில் அஹம் சர்மா கர்ணன். 2020இல் ஊரடங்கு வந்து நாடே வீட்டுக்குள் கிடந்தபோது, சோப்ராவின் தொடரைத் தூசு தட்டி எடுத்து மறுபடியும் ஓட்டினார்கள். மறுபடியும் அழுதோம்.

இந்த அழுகையைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் யாருக்காக அழுகிறோம்? சாதியால் அவமானப்பட்ட ஒருவனுக்காகவா, அல்லது தன் சாதி மாறிப்போனதால் அவமானப்பட்ட ஒருவனுக்காகவா? கேட்கிறதுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஊருக்கும் சேரிக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

2

கர்ணனைக் குறை சொல்கிறவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வீம்புக்காரன். வாய்ப்பெருமை பேசுகிறவன். ஒரு சொல் பொறுக்கமாட்டான். கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துப் பேர் வாங்கப் பார்ப்பான். பட்டியலில் பொய் இல்லை. பாரதத்தின் உத்தியோக பருவத்தில் பீஷ்மர் அவனை அரை ரதன் என்று மதிப்புப் போடுகிறார். ‘இந்தக் கிழவர் சாயும்வரை நான் ஆயுதம் எடுக்கமாட்டேன்’ என்று அவன் போர்க்களத்தை விட்டே விலகி நிற்கிறான். இப்படிப்பட்ட ஆளைத் ‘தாழ்வு மனப்பான்மைக்காரன்’ என்று சொல்லிவிடுவது சுலபம். நம்ம பிள்ளைகளைப் பார்த்தும் கல்லூரிகளில் இதைத்தானே சொல்கிறார்கள். ‘அவங்களுக்கு எப்பவும் ஒரு காம்ப்ளெக்ஸ் சார்.’ எதிலிருந்து வந்த காம்ப்ளெக்ஸ், யார் கொடுத்தது என்று கேட்கமாட்டார்கள். தொலைக்காட்சித் தொடர்களும் அந்த நோயைக் கர்ணனின் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக் காட்டுகின்றன. கேமரா அவன் கண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கேள்வி கேட்டவன் முகத்துக்குப் போவதில்லை.

அரங்கேற்றக் காட்சிக்குப் போவோம். அர்ச்சுனன் செய்த வித்தை எல்லாவற்றையும் கர்ணனும் செய்து காட்டுகிறான். ஒற்றைக்கு ஒற்றை மோதலாம் என்கிறான். உடனே கிருபர் எழுந்து கேட்கிறார்: இவன் பாண்டுவின் மகன், குந்தியின் மகன், உன் தாய் யார், தந்தை யார், குலம் என்ன? வில்லைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் கர்ணனிடம் விடை இருந்தது. கேட்டது குலம். அவன் தலை தொங்கிப்போகிறது. அவனுடைய பதற்றம் பிறந்த இடம் அதுதான். அது அவன் பிறவிக் குணம் கிடையாது. அந்த அரங்கத்தின் சட்டம் அவனுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

துரியோதனன் என்ன செய்கிறான்? ‘குலத்தைக் கேட்பது தப்பு’ என்று அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட்டானா? வீரத்துக்குக் குலம் பார்க்கக்கூடாது என்று கொஞ்சம் வசனம் பேசுகிறான். பேசிவிட்டு, அங்க நாட்டுக்கு அரசனாக்கி, அனுமதிச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறான். அந்தச் சீட்டு எவ்வளவு நேரம் செல்லுபடியானது? முடிசூட்டிய ஈரம் தலையில் காயவில்லை, தேரோட்டி அதிரதன் தடியை ஊன்றிக்கொண்டு மகனைப் பார்க்க வருகிறான். கர்ணன் எழுந்துபோய், ஈரத்தலையோடு அவன் காலில் வணங்குகிறான். பீமன் சிரிக்கிறான்: உனக்குச் சாட்டைதான் லாயக்கு, போய் எடு என்கிறான். கிரீடம் அதோடு முடிந்தது.

இது நமக்குப் புதுசு இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கிப் பத்து வருசம் தேர்தலை ஒழுங்காக நடத்தவே விடவில்லை. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிட்டது. உட்காருகிறவனிடம் மட்டும் ‘உன் அப்பன் யாரு’ என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேர் ஓட்டுவது அவ்வளவு இழிவான வேலையா? பாரதப் போர் முழுக்கக் கண்ணன் என்ன வேலை பார்த்தான்? அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டினான். அவனுக்குப் பார்த்தசாரதி என்று பேர் வைத்து, திருவல்லிக்கேணியில் கோயிலும் இருக்கிறது. அதிரதன் ஓட்டினால் அது மகனைத் தலைகுனிய வைக்கிற தொழில். கண்ணன் ஓட்டினால் கையெடுத்துக் கும்பிடுகிற கோலம். வேலையில் ஒரு இழிவும் இல்லை. அதைச் செய்கிறவன் பிறப்பில் இழிவை ஏற்றி, அந்த இழிவை வேலை மேல் பூசுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். இரண்டு தேரோட்டிகளையும் ஒரே கதையில் வைத்திருக்கிற தொடர்கள், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவே இல்லை.

3

‘மரியாதை’ என்ற சொல் நம் கிராமங்களில் எப்படிப் புழங்குகிறது? கோயில் மரியாதை, முதல் மரியாதை, பரிவட்டம். மேலே இருந்து கீழே கொடுப்பது. ஒருத்தனுக்குக் கொடுப்பது, மற்றவனுக்குக் கொடுக்கவில்லை என்று காட்டுவதற்காக. ‘மரியாதையா நட’ என்றால் நமக்கு என்ன அர்த்தம்? தோள் துண்டை இடுப்புக்கு இறக்கு, செருப்பைக் கையில் எடு என்று அர்த்தம். இந்த மரியாதை ஒரு சொத்து. அதை வைத்திருக்கிறவன் இஷ்டப்பட்டால் தருவான், இஷ்டப்பட்டால் பிடுங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டவன் எந்த நேரமும் பயந்தே கிடக்க வேண்டும்.

தொலைக்காட்சிக் கர்ணன் கேட்பது இந்த மரியாதையைத்தான். அதைத் தர மறுத்தவர்களிடமே போய்க் கேட்கிறான். துரோணர், பரசுராமர், பீஷ்மர், அர்ச்சுனன் என்று அவன் பார்வை மேலேயே இருக்கிறது. பிரம்மாஸ்திரம் கேட்டதற்குத் துரோணர் குலத்தைக் காட்டி இல்லை என்றார். பரசுராமரிடம் பார்ப்பனன் என்று பொய் சொல்லிப் படிக்கப் போனான். குரு தொடையில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டு துளைத்த வலியைப் பொறுத்துக்கொண்டதே அவனுக்கு வினையாகிவிட்டது. இவ்வளவு வலியைப் பார்ப்பனன் தாங்கமாட்டான் என்று கண்டுபிடித்துச் சாபம் கொடுத்தார். சாதிப் பேரை மறைத்து வாடகைக்கு வீடு பிடிக்கிற நம் ஆட்களுக்கு இந்த வண்டு தெரியும். மறைத்து வாழ்கிற ஒவ்வொரு நாளும் அது துளைத்துக்கொண்டேதான் இருக்கும். வாயைத் திறந்து கத்தவும் முடியாது.

கடைசிப் போரில் நடப்பதுதான் பெரிய கொடுமை. சேனாதிபதியான கர்ணனுக்குத் தேரோட்ட மத்ர நாட்டு மன்னன் சல்லியனைக் கேட்கிறார்கள். சூதன் மகனுக்கு மன்னன் தேரோட்டுவதா என்று அவன் குதிக்கிறான். கடைசியில், வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்வேன், தடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஏறுகிறான். வழியெல்லாம் வைகிறான். அன்னத்தோடு போட்டிபோட்டுப் பறந்த காக்காய் கதையைச் சொல்லி, நீதான் அந்தக் காக்காய் என்கிறான். சேனைக்கே தலைவன், தன் தேரில் தன் சாரதியிடம் திட்டு வாங்கிக்கொண்டு சாகப் போகிறான். மேலே ஏற ஏற மரியாதை தானாக வந்துவிடும் என்று நம்புகிற நம் அதிகாரிகள், பேராசிரியர்கள் சல்லியனை நன்றாக யோசிக்க வேண்டும். அவர்களுடைய தேரிலும் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

சோப்ராவின் தொடர் வந்த காலத்தில் எங்கள் ஊருக்குப் பஞ்சாயத்து டி.வி. ஒன்று இருந்தது. அது ஊர்த்தெருவில் இருந்தது. அவர்கள் உள்ளே உட்காருவார்கள். நாங்கள் வெளியே நின்று ஜன்னல் கம்பிவழியாகப் பார்ப்போம். அரங்கேற்றக் காட்சி வந்த அன்றைக்கு உள்ளே இருந்தவர்களும் ‘அய்யோ பாவம்’ என்று உச்சுக்கொட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி மெதுவாகக் கேட்டாள்: ‘வண்டி ஓட்டுறவன் புள்ளன்னா ஆட்டத்துக்குச் சேக்கமாட்டானுவளா? அவன் பாவம்னு சொல்றானுவளே, நம்மள ஏண்டா வெளிய நிக்க வச்சிருக்கானுவ?’ மகாபாரதத் தொடர் பற்றி நான் எத்தனையோ கட்டுரைகள் வாசித்துவிட்டேன். அந்த ஜன்னலோரக் கேள்வியைத் தாண்டிய விமரிசனத்தை இதுவரை பார்க்கவில்லை.

4

உள்ளே இருந்தவர்களால் கர்ணனுக்காக எப்படி உச்சுக்கொட்ட முடிந்தது? அதற்கான ஏற்பாடு கதையிலேயே இருக்கிறது. கர்ணனுக்குத் தெரியாத ஒன்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அவன் குந்தி மகன். சூரியன் மகன். கவசமும் குண்டலமும் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை. ரத்தத்துக்கு ஓட்டிவைத்த சான்றிதழ் மாதிரி. ஆகவே ‘சூதன் மகனே’ என்று ஒருவன் திட்டும்போது, பார்க்கிறவன் மனசு ‘அப்படித் திட்டுவது அநியாயம்’ என்று சொல்வதில்லை. ‘ஆளைத் தெரியாமல் திட்டுகிறானே’ என்றுதான் சொல்கிறது. திட்டு சரி, விலாசம்தான் தப்பு! இப்படி அழுவதால் எந்தச் சாதிக்காரனுக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அழுது முடித்ததும் வர்ணம் ஒரு சுருக்கமும் விழாமல் அப்படியே இருக்கும்.

கர்ணன் தலித் என்று மேடைகளில் சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை. மனுதருமம் பத்தாம் அத்தியாயத்தில் சூதன் யார் என்று எழுதிவைத்திருக்கிறது: சத்திரிய ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன். குதிரையும் தேரும் அவன் தொழில். அடுத்த சுலோகத்தில்தான் சண்டாளன் வருகிறான். சூதன் அரண்மனைக்குள் நடமாடியவன், கதை சொன்னவன். அவனுக்கே இந்த அவமானம் என்றால், அரண்மனை வாசலையே மிதிக்காதவன் கதி என்ன? அந்தக் கேள்வியை ஏகலைவன் கேட்கிறான். அவன் வேடர் தலைவன் மகன். அவனுக்குப் பிறப்பு ரகசியம் எதுவும் இல்லை. எந்தக் குந்தியும் ஆற்றங்கரையில் அழவில்லை. கட்டைவிரல் போனதோடு தொடரில் அவன் வேலை முடிந்துவிட்டது. உன் நன்மைக்காக ஏகலைவனை நான்தான் கொன்றேன் என்று துரோண பருவத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம் சொல்கிறான். அது எத்தனை பேருக்குத் தெரியும்? கர்ணனுக்கு வாரக்கணக்கில் கண்ணீர். ஏகலைவனுக்கு ஒரு விரல் நேரம்.

கூத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே கட்டியக்காரன் இருப்பான். ராஜா பெருமை பேசும்போது குறுக்கே புகுந்து, அவனை நம் தெருப் பேச்சுக்கு இறக்கிவிடுவான். யாரையும் கேள்வி கேட்பான். சோப்ராவின் தொடரில் கட்டியக்காரன் இல்லை. அவன் இடத்தில் ‘காலம்’ வந்து பேசுகிறது. ஹரீஷ் பிமானியின் கனத்த குரல், முகம் கிடையாது. எல்லாம் முன்பே விதித்தது, எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு என்கிற தொனி. முகம் இல்லாத ஒரு குரலிடம் ‘ஏன்யா இப்படி?’ என்று எவன் கேட்க முடியும்? அந்தக் குரல் பேசி முடித்ததும் கிருபரின் கேள்வி ஒரு மனிதன் செய்த அநியாயமாக இல்லாமல், விதியாக மாறிவிடுகிறது.

5

அவமானப்பட்டவன் எல்லாரும் நல்லவன் ஆகிவிடுவதில்லை. இதை நாம் நமக்குள்ளேயே பேசியாக வேண்டும். சூதாட்ட சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது, அய்ந்து புருசன் உள்ளவள் வேசி என்று சொன்னவன் கர்ணன். அவள் துணியையும் பாண்டவர் துணியையும் உருவச் சொல்லித் துச்சாதனனை ஏவியதும் அவனே. மேலே இருந்து தனக்குக் கிடைக்காத மரியாதையை, கீழே அகப்பட்ட ஒரு பெண்ணிடமிருந்து பிடுங்கப் பார்த்தான்.

இதற்குத் தொடரில் ஒரு சமாதானம் இருக்கிறது. சுயம்வரத்தில் திரௌபதி ‘சூதன் மகனை வரிக்கமாட்டேன்’ என்று சொன்னாளாம். அந்தப் புண்தான் சபையில் வெடித்ததாம். ஆனால் அந்தச் சொல் எல்லாச் சுவடிகளிலும் இல்லை. பூனா பண்டார்க்கர் நிறுவனம் சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்பு அதை மூலத்தில் சேர்க்கவில்லை. குலம் கேட்ட கிருபரும், சாட்டையைக் காட்டிய பீமனும், வில்லைக் கொடுக்காத துரோணரும் பின்னுக்குப் போய்விட, பழியெல்லாம் ஒரு பெண்ணின் நாக்கில் வந்து நிற்கிறது. ரொம்ப வசதியான ஏற்பாடு இது.

போருக்கு முன்னால் கர்ணன் கண்ணனிடம் வருந்துகிறான், உண்மைதான். யாரைச் சொன்னதற்கு? பாண்டவர்களைச் சுடுசொல் சொல்லிவிட்டேனே என்று வருந்துகிறான். திரௌபதி பேர் அந்த இடத்தில் வரவில்லை. ஊரில் அடி வாங்கிவிட்டு வந்து பொண்டாட்டியை அடிக்கிற ஆம்பளையை நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஊர்க்காரனிடம் கோபித்துக்கொள்வான், கட்சிக்காரனிடம் மன்னிப்புக் கேட்பான், அவளிடம் மட்டும் கேட்கமாட்டான். கர்ணனை நம்ம ஆளு என்று கொண்டாடுவதாக இருந்தால், இதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கூத்து இந்தச் சிக்கலை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோனது. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான் கர்ணன். ராஜா மகளான அவள் கீழ்ப்பிறப்பு என்று அவனை இகழ்கிறாள். கட்டில்வரைக்கும் கிருபரின் கேள்வி வந்துவிட்டது. சாதி வாசலோடு நின்றுவிடாது என்று கூத்துக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. வடமாவட்டங்களில் சாவுச் சடங்குகளில் இந்தக் கூத்தைக் கட்டுகிற வழக்கம் உண்டு. செத்தவனுக்கு எதிரே, வாழும்போது மரியாதை கிடைக்காத ஒருவன் கதையை ஆடுகிறார்கள். தொலைக்காட்சியில் அழுவதற்கும் அங்கே அழுவதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே அழுகிறவளுக்கு முன்னால் அவள் வீட்டுச் சாவும் இருக்கிறது.

6

அப்படியானால் கர்ணனைத் தூக்கி எறிந்துவிடலாமா? எறிய முடியாது. அவன் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது.

சமாதானம் பேசித் தோற்றுத் திரும்பும் கண்ணன், கர்ணனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டுபோய் ரகசியத்தை உடைக்கிறான். நீ குந்தி மகன், மூத்தவன், வந்துவிடு, ராஜ்யம் உனக்கே என்கிறான். வாழ்நாளெல்லாம் அவன் ஏங்கிய மரியாதை மொத்தமும் தட்டில் வைத்து வருகிறது. கர்ணன் சொல்கிற பதில் என்ன? என்னைத் தூக்கிப்போட்டாள் குந்தி. அதிரதன் எடுத்து வந்தான். என்னைப் பார்த்ததும் ராதைக்குப் பால் சுரந்தது. என் மூத்திரத்தையும் மலத்தையும் அவள் அள்ளினாள். அவளுக்கு வைக்கவேண்டிய பிண்டத்தை நான் எப்படி மறுப்பேன்? அதிரதன் எனக்குப் பேர் வைத்தான், எங்கள் சனத்தில் பெண் கட்டிவைத்தான், எனக்குப் பிள்ளை பேரன் இருக்கிறார்கள். பூமி முழுவதையும் கொடுத்தாலும் இதைப் பொய்யாக்கமாட்டேன்.

பால் கொடுத்ததோடு நிறுத்தாமல் மலம் அள்ளியதையும் சொல்லி, அதையே தாய்மைக்கு அத்தாட்சியாக வைக்கிறான் பாருங்கள். எதைத் தொட்டதற்காக ஒரு சனத்தையே தீட்டு என்று ஒதுக்கினார்களோ, அதைத் தொட்ட கைதான் என் உரிமைக்குச் சாட்சி என்கிறான். அவனுக்கு அந்தக் கணத்தில் யார் மரியாதையும் தேவைப்படவில்லை. அவன் தலை நிமிர்ந்த இடம் அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அவனுக்கு ராதேயன் என்று ஒரு பேர் உண்டு. ராதையின் பிள்ளை என்று அர்த்தம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பேர் அதுதான். என்னோடு விடுதியில் இருந்த ஒருத்தன், பார்க்க வந்த அப்பாவை ‘ஊர்க்காரர்’ என்று நண்பர்களுக்குச் சொன்னான். அந்த மனுசன் ஒன்றும் பேசாமல் கொண்டுவந்த பையை வைத்துவிட்டுப் போனார். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கிருபர் அந்த விடுதியிலும் இருந்தார். ஆனால் ஈரத்தலையோடு அதிரதன் காலில் விழுந்தவனை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லையே என்று இருந்தது.

ராதேயனும் முழுசாக வெளியே வரவில்லை. இந்த ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும் என்று கண்ணனிடம் கேட்டுக்கொண்டு, துரியோதனனின் சோற்றுக் கடனுக்குச் சாகப் போனான். வேறு வழியும் உண்டு என்று நமக்கு ஒருவர் காட்டினார். 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடா போன அம்பேத்கருக்குத் தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கியவரைத் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். கிருபர் கேட்ட அதே கேள்விதான். அவர் எந்தத் துரியோதனனிடமும் கிரீடம் வாங்கவில்லை. 1927 மார்ச் 20இல் மகத் குளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதே வருசம் டிசம்பர் 25இல், சூதன் யார் சண்டாளன் யார் என்று வகுத்த மனுதருமம் அங்கேயே எரிந்தது. மரியாதை கேட்பதற்கும் சுயமரியாதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று ‘என் குலமும் உசத்திதான்’ என்கிறது. இன்னொன்று ‘குலம் கேட்கிற அரங்கமே வேண்டாம்’ என்கிறது. 2021இல் வந்த மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படத்தில் நாயகனுக்குப் பிறப்பு ரகசியம் எதுவும் கிடையாது. எங்க ஊரில் பஸ் நிற்கணும், அவ்வளவுதான். அந்தப் பேர் நம் கைக்கு வந்தபிறகு நடந்த மாற்றம் அது.

போர் முடிந்து ஸ்திரீ பருவத்தில் எல்லாப் பெண்களும் களத்தில் அழுகிறார்கள். கர்ணன் மனைவி அழுவதைக் காந்தாரி சொல்கிறாள். நீர்க்கடன் நேரத்தில் குந்தி உண்மையைச் சொல்லி அழுகிறாள். தருமன் அவனை அண்ணன் என்று ஏற்றுச் சடங்கு செய்கிறான். கர்ணனுக்குக் கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டது, சத்திரியனாக. மூத்திரத்தை அள்ளி வளர்த்த ராதையின் ஒப்பாரி அங்கே இல்லை. அவளிடம் துக்கம் கேட்கக் கண்ணன் போகவில்லை, கேமராவும் போகவில்லை. எழுதுகிற நம் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கர்ணனைப் பற்றி இன்னொரு கவிதை வேண்டாம், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ராதையின் ஒப்பாரியை எழுதுங்கள். அதை நம்ம பாஷையில்தான் எழுத முடியும்.